ஒரு ஆள் கம்பெனி

ஆம்பூர்
5.6.2025

சங்கீதாவுக்கு, உன் அண்ணி பாக்யலட்சுமி எழுதுவது.

கவரில் ஒரே கடிதம் இரண்டு பிரதியாக இருக்கிறதே என்று குழம்பாதே. ஒன்று உனக்கு, ஒன்று உன் கம்பெனிக்கு. ஆடிட்டர் ரஷீத் அஹமது பாய்தான் அப்படிச் சொன்னார். "எழுத்துல குடுத்தாதான்மா செல்லும். ரெண்டு காப்பி போடுங்க. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு கம்பெனிக்கு" என்றார். அந்தக் கம்பெனியில் இருப்பதே அவள் ஒருத்திதானே பாய் என்றேன். சட்டம் அப்படித்தான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். உன் கம்பெனிக்கு நாமினியாக இருக்கச் சம்மதம் என்று நான் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன். உனக்கு ஏதாவது ஆனால் கம்பெனி என் பெயருக்கு வரும் என்று சொல்லித்தானே தை மாதம் என்னிடம் கையெழுத்து வாங்கினாய்? எனக்கு அது வேண்டாம். வீடும் கரண்ட் பில்லும் என் பெயரில் இருக்கிறது என்று என் வீட்டைத்தான் கம்பெனி விலாசமாகக் கொடுத்தாய். அதையும் மாற்றிக்கொள். வாசலில் நீ மாட்டிவிட்டுப் போன பலகையை இன்று காலை நானே கழற்றிக் கோணிப்பையில் சுற்றிவைத்தேன். யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்.

ஏன் என்று தெரியாதவள் மாதிரி கேட்பாய். சொல்கிறேன். திங்கட்கிழமை வழக்கம்போல ஷூ ஃபேக்டரி பஸ்ஸில் போய் இறங்கினேன். வாசலில் அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. முந்தானையில் துடைத்துவிட்டுக் காட்டினேன், மறுபடி சிவப்பு. பின்னால் நிற்கிற பெண்கள் "இன்னாக்கா, சீக்கிரம் போ" என்று தள்ளுகிறார்கள். வாட்ச்மேன் என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். பதினான்கு வருஷமாக அந்த வாசலில் நுழைகிறேன். ஓரமாக நின்றது அன்றுதான் முதல் தடவை.

அப்புறம் மேனேஜர் ஜான்சன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு தாளைக் காட்டினார். தையல் ஹாலில் வேலை செய்கிற எல்லாருடைய பெயரும் வரிசையாக இருந்தது. கடைசியில் என் பெயர். பக்கத்தில் சிவப்பில், சும்மா இருந்த நேரம் என்று போட்டு எத்தனையோ மணி. "நான் இன்னாம்மா பண்றது? உங்க நாத்தனார் சாஃப்ட்வேர்தான் சொல்லுது, நானா சொல்றேன்?" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதை நேராகச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

சும்மா இருந்தேனாம். நான்! இந்தத் தெருவில் பாதிப் பேர் அந்த ஃபேக்டரிக்குத்தான் போகிறார்கள். என்னைச் சும்மா இருந்தவள் என்று சொன்ன உன் சாஃப்ட்வேர்ப் பெட்டியின் பெயரை என் வீட்டு வாசலிலேயே பலகை போட்டு மாட்ட விட்டிருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போனால் எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, ஆத்திரமாக இருக்கிறது. எது ஜாஸ்தி என்று தெரியவில்லை.

உன் அண்ணனிடம் சொன்னேன். "அவ வேணும்னு பண்ணியிருக்க மாட்டா" என்றார். அதோடு வண்டியை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்குத் தோல் ஏற்றப் போய்விட்டார். சம்பத் என்கிற மனுஷன் அதற்குமேல் பேச மாட்டார் என்று உனக்கே தெரியும்.

உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். பதில் எழுதுவதானால் எழுது. எழுதாவிட்டால் இன்னும் நல்லது.

பாக்யலட்சுமி


வேலூர்
9.6.2025

அண்ணிக்கு,

இரண்டு பிரதிகளும் கிடைத்தன. என் பிரதியை நான் படித்தேன். கம்பெனியின் பிரதியைக் கம்பெனியும் படித்துவிட்டது.

வேலை போனது எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரியும். ஜான்சன் சார் எனக்குச் சொல்லவில்லை. அதை நீங்கள் நம்பப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஆனால் நடந்த எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

நாமினி விலகினால் பதினைந்து நாளுக்குள் வேறு ஆளைப் போட வேண்டும். விலாசமும் போனால் அதற்கு வேறு தனியாக விண்ணப்பம், தனியாகக் கட்டணம். ரஷீத் பாய் உங்களிடம் அதைச் சொன்னாரா? இந்தக் கம்பெனியைத் தொடங்க எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? பெயர் பதியக் காசு, கம்ப்யூட்டரில் என் கையெழுத்துப் போடக் காசு, முத்திரைக் கட்டணம், ஆடிட்டர் ஃபீஸ். பேங்கில் கணக்குத் தொடங்கினால் இவ்வளவு எப்போதும் அதில் இருக்க வேண்டுமாம், அதைத் தொடக்கூடாதாம். சர்வர் வாடகை ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் போகிறது. மெஷினுக்கு மெஷின் அட்டையைத் தொட்டுப் பதிகிற ஸ்கேனர்களை ஃபேக்டரி வாங்கும் என்று நினைத்தேன். "மொதல்ல நீ போடும்மா, பில்லுல சேத்துக்கலாம்" என்றார் ஜான்சன் சார். என் பி.எஃப். பணம் மொத்தமும் அதில் போயிற்று. ஸ்கூட்டியை விற்றேன், செயினை அடகு வைத்தேன். முதல் பில்லை அனுப்பி எத்தனை நாளாகிறது, இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை. சென்னையில் கைநிறையச் சம்பளம் வாங்கியவள், இங்கே சத்துவாச்சாரியில் யாரோ ஒருவருடைய ஆபீஸில் ஒரு மேஜையை மட்டும் வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இப்படியெல்லாம் தொடங்கிய கம்பெனியை நீங்கள் இரண்டு பிரதியில் மூடப் பார்க்கிறீர்கள்.

அந்தத் தாள் என்னுடைய யோசனை இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் எத்தனை கட்டு முடிந்தது, நடுவில் எவ்வளவு நேரம் காலி என்று ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று கடைசி நேரத்தில் ஜான்சன் சார் கேட்டார். அதைப் போட்டுக் கொடுத்தால்தான் ஆர்டரில் கையெழுத்து என்றார். ஒரு நாள் வேலை. காசு வாங்காமல் செய்துகொடுத்தேன். புதிதாகக் கடை திறப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். ஹாலிலேயே வேகமான கை உங்களுடையது என்று ஊரே சொல்லும். அப்படியிருக்க உங்கள் அட்டையில் மற்றவர்களில் பாதிகூட ஏன் பதிவாகவில்லை? உடம்பு சரியில்லையா? இல்லை, வேலையில் மனசு போகவில்லையா? ஸ்கேனருக்கு உங்கள்மேல் என்ன பகை? அது பார்த்ததைத்தான் சொல்லும். அதன்மேல் கோபித்துக்கொண்டு பலகையைக் கழற்றினால் எண்ணிக்கை ஏறிவிடுமா?

சங்கீதா


ஆம்பூர்
12.6.2025

டைரக்டர் அம்மாவுக்கு,

பெரிய கேள்வி கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்லுகிறேன், உட்கார்ந்து படியுங்கள். உங்கள் மேஜை வாடகைக்குள் நாற்காலியும் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது என் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஹாலில் வேலை எப்படி நடக்கும் என்று நீ கேட்கக் கேட்க, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன். ஷூவின் மேல்பாகத் துண்டுகள் கட்டுக் கட்டாக வரும் என்றேன். முடித்த கட்டைச் சீட்டில் எழுதிக்கொள்வோம் என்றேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். கை கொடுக்கிறது. யாருக்காவது முடியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிறவள் அவள் கட்டில் ஒன்றிரண்டை எடுத்துத் தைத்து, அவள் பெயரிலேயே போட்டுவிடுவாள். மாதவிலக்கு, பிள்ளைக்கு ஜுரம், ராத்திரி புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தவள், எல்லாருக்கும் ஒரு நாள் வரும். இன்றைக்கு நான், நாளைக்கு நீ. யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. நான் கல்யாணமாகி வந்து அந்த ஹாலில் சேர்வதற்கு முன்னாடியிலிருந்தே அப்படித்தான்.

நீ என்ன சொன்னாய் தெரியுமா? தலையைக்கூட நிமிர்த்தாமல், தட்டிக்கொண்டே, "இதெல்லாம் கணக்குல வராது அண்ணி" என்றாய். நானும் சிரித்துக்கொண்டு உனக்குச் சாதம் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தபஸ்ஸும் என் பக்கத்து மெஷின். ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கி, மெஷினை மிதிக்க முடியாமல் அழுதுகொண்டு தைப்பாள். எண்ணிக்கை கம்மியானால் ஒன்பதாம் மாதத்துக்கு முன்னாடியே கழற்றிவிடுவார்கள், பிரசவ லீவுச் சம்பளம் கொடுக்க வேண்டாம் பார். அதனால் அவள் கட்டை நான் எடுத்துத் தைப்பேன். தைத்து முடித்து அவள் அட்டையை வாங்கி என் மெஷினில் தொட்டுவிடுவேன். அவள் ஒருத்திக்கு மட்டுமில்லை, இன்னும் சிலருக்கும். சீட்டில் எழுதின காலத்தில் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை. எங்கள் ஹாலில் இருந்த பழைய சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி போய்விடுவார்.

நான்தான் சும்மா இருந்தவள். நான்தான் கடைசிப் பெயர். வேலையில் மனசு போகவில்லையா என்று கேட்கிறாய். உனக்குக் கேட்க வாய் எப்படி வந்தது?

இதைச் சொன்னது உனக்கு உறைக்கட்டும் என்றுதான். ஜான்சனிடம் போய் ஒப்பிப்பதற்கு இல்லை. தபஸ்ஸும் பேச்சு இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போகக் கூடாது. என் வேலை போனால் போகட்டும்.

பாக்யலட்சுமி


வேலூர்
14.6.2025

அண்ணி,

உங்கள் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் யார் அட்டை என்று மட்டுமில்லை, எந்த மெஷினில் தொட்டார்கள் என்பதும் சேர்ந்தே விழுகிறது. ஜான்சன் சார் அட்டைவாரியாகத்தான் கேட்டார், நானும் அட்டைவாரியாகத்தான் கூட்டினேன். மெஷின்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் ஹாலிலேயே அதிகம் ஓடியது உங்கள் மெஷின். இரண்டாவதாக வருபவர் உங்களுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. உங்கள்மேலும் வந்தது. கை கொடுப்பது கணக்கில் வராது என்று நான் சொன்னபோது வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். என்மேல் உங்களுக்கு எப்போதும் ஒரு பிரமிப்பு உண்டு, அவள் படித்தவள், அவளுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவீர்கள். அப்புறம் இரண்டு பிரதியில் திட்டுவீர்கள்.

என் வேலை போனால் போகட்டும் என்று எழுதுகிறீர்கள். அதெப்படிப் போகட்டும்? என் கம்பெனி போட்ட தப்புக் கணக்கில் உங்கள் வேலை போயிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் இந்த மேஜையில் உட்கார்ந்து நான் யாருக்குச் சாஃப்ட்வேர் விற்பது?

திங்கட்கிழமை காலையில் ஜான்சன் சாரைப் பார்க்கப் போகிறேன். பயப்படாதீர்கள், தபஸ்ஸும் பெயர் என் வாயிலிருந்து வராது. யாருடைய அட்டை என்றே காட்டப்போவதில்லை. உங்கள் மெஷினில் எத்தனை கட்டு ஓடியது என்ற ஒரு எண்ணை மட்டும் காட்டினால் போதும். எண்ணைப் பார்த்தபிறகு அவர் ஒன்றும் சொல்ல முடியாது.

நீங்கள் வேண்டாம் என்றாலும் போவேன். எனக்கும் ரோஷம் உண்டு.

சங்கீதா


ஆம்பூர்
18.6.2025

சங்கீதா,

தபால்காரர் எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார் என்பது இந்த வீட்டில் வளர்ந்த உனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை உன் கடிதத்தைப் பிரித்துப் பாதி படிக்கும்போதே பிளாக்கை எடுத்துவிட்டு உனக்கு போன் போட்டேன். நீ சந்தோஷமாக எடுத்தாய். "முடிஞ்சிடுச்சு அண்ணி! நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாரு!" என்றாய். நான் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு மறுபடி பிளாக் பண்ணினேன். பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

நீ அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள். உன் ஜான்சன் சார் கம்ப்யூட்டர் பார்க்கிற பையனைக் கூப்பிட்டு, "அந்தம்மா மெஷின்ல யார் யார் அட்டை வுழுந்துருக்கு பாரு" என்றாராம். உன் பெட்டி அங்கேதானே இருக்கிறது? நீ பெயர் சொல்லாவிட்டால் அதற்கு வாய் இல்லையா? சாயங்காலத்துக்குள் தபஸ்ஸுமோடு சேர்த்து ஐந்து பேருக்குக் கார்டு நிறுத்திவிட்டார்கள். அடுத்தவள் வேலையைத் தன் வேலை என்று காட்டி ஏமாற்றினார்களாம். திருட்டுப் பட்டம்.

மறுநாள் காலையில் ஃபேக்டரி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. எனக்காக. இன்சென்டிவ் வேறு உண்டாம். நான் வாசலில் நின்றேன், ஏறவில்லை. டிரைவர் இரண்டு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மத்தியானம் தபஸ்ஸும் வந்தாள். அந்த வெயிலில், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, நடந்து. உள்ளே வரவில்லை. "நான் உங்கள கேட்டனா அக்கா? நீங்களாதான என் கட்ட எடுத்தீங்க? இப்ப உங்க வூட்டு ஆளே போயி காட்டிக் குடுத்துட்டாங்க. உங்களுக்கு வேலை வந்துச்சி, எனக்குத் திருடின்னு பேர் வந்துச்சி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பிடித்து உட்காரவைத்திருப்பேன். அவள் அந்தத் தெருவைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பதினான்கு வருஷத்தில் அந்த ஹாலில் இருந்த ஒரே சொத்து, பாக்கியத்திடம் சொன்னால் வெளியே போகாது என்பதுதான். அதை நீ ஒரு காலையில் தொலைத்துவிட்டாய். நீ நல்லது செய்யத்தான் போனாய், எனக்கு அது தெரியும். தெரிவதால் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

இப்போது கேள். சங்கத்து தேவகி அக்கா எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜூலை மூன்றாம் தேதி வியாழக்கிழமை வேலூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்ததால் ஃபேக்டரிக்கு ஒரு ஜோடியாவது குறைந்ததா என்பதுதான் கேள்வி. ஹாலில் மொத்தம் எவ்வளவு ஓடியது என்பதும் உன் பெட்டியில் இருக்குமே. நீ வந்து அதைச் சொல்ல வேண்டும். எனக்கு நாத்தனாராக வர வேண்டாம். அதைச் செய்தவளாக வா.

பாக்யலட்சுமி


வேலூர்
21.6.2025

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தபஸ்ஸும் சொன்னதைப் படித்தபிறகு இரண்டு நாள் ஆபீஸ் பக்கம் போகவில்லை. எண்ணைக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன் பாருங்கள், அவ்வளவு படித்த முட்டாள் நான். ஜான்சன் சார் அன்று எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். "இவ்ளோ டீடெய்லா இருக்குமா இதுல!" என்று ஆச்சரியப்பட்டார். நான் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஹால் மொத்தத்தைப் பார்த்தேன். ஒரு நாளும் குறையவில்லை. ஸ்கேனர் போட்ட நாளிலிருந்து எல்லா நாளும் கேட்ட எண்ணிக்கையைத் தொட்டிருக்கிறீர்கள். நீங்கள் கை கொடுத்ததால்தான் தொட்டிருக்கிறீர்கள். இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் அங்கே வந்து என்னால் சொல்ல முடியாது.

முடியாது என்றால் முடியாது அண்ணி. ஃபேக்டரியின் எந்தத் தகவலையும் வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்களைத் தவிர எனக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. அவர்கள் பில் கொடுக்காவிட்டால் ஸ்கேனர் போயிற்று, செயின் போயிற்று, அடுத்த மாத சர்வர் வாடகைக்கு வழி இல்லை. ஒரு மேனேஜருக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்த ஃபேக்டரி வாசலிலும் என்னை உட்காரவைக்க மாட்டார்கள். வேறு கம்பெனி என்றால் ஒருத்தர் சாட்சி சொல்லுவார், இன்னொருத்தர் வியாபாரம் பார்ப்பார். என் கம்பெனியில் இரண்டும் நான்தான்.

நீங்கள் விலகிய இடத்தில் அண்ணனைப் போட்டுவிட்டேன். டெம்போவில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார், என்ன தாள் என்றுகூடக் கேட்கவில்லை. விலாசத்தையும் வேலூருக்கு மாற்றியாயிற்று. அதற்குக் கம்பெனியில் தீர்மானம் போட வேண்டுமாம். நானே முன்மொழிந்து, நானே ஏற்றுக்கொண்டு, நோட்டில் நானே எழுதினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் யாராவது ஒருத்தர் இருந்து, வேண்டாம் என்றாவது சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

முப்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கல்யாணம் பண்ணாமல் கம்பெனி என்ன கம்பெனி என்று எல்லாரும் பேசியபோது, "அவ இஷ்டம், அவ பண்ணட்டும்" என்று சொன்னது நீங்கள் ஒருத்திதான். இப்போது நீங்களே வந்து அதை அழி என்கிறீர்கள். உங்களுக்கு என்மேல் கோபப்பட உரிமை உண்டு. இதைக் கேட்க உரிமை இல்லை.

சங்கீதா


ஆம்பூர்
25.6.2025

சங்கீதா,

சரி, வராதே.

உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறாய். பதின்மூன்று வயதில் நீ இரட்டைப் பின்னலோடு இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தவள் நான். உன் பாவாடைக்கு நாடா கோத்தவள். உரிமை உண்டா இல்லையா என்று சட்டப் புத்தகத்தில் தேடாதே, அதில் நான் இருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நாங்களே போகிறோம். நான், தபஸ்ஸும், மற்ற நான்கு பேர், தேவகி அக்கா. தபஸ்ஸும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டும். எங்களிடம் தாள் இல்லை. வாய் இருக்கிறது, கத்துவோம். ஃபேக்டரி பக்கம் வக்கீல் வருவாராம். உன் சாஃப்ட்வேர் தாளைத்தான் கொண்டுவருவாராம்.

உன் கம்பெனி நன்றாக இருக்கட்டும். இதை நான் வயிற்றெரிச்சலில் எழுதவில்லை. எழுதும்போது வயிறு எரிகிறது, அது வேறு.

பாக்யலட்சுமி


ஆம்பூர்
4.7.2025

சங்கீதா,

பதில் வரவில்லையே என்று நேற்றுக் காலை வரை உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலும் திட்டினேன். தேவகி அக்கா, "போதும் பாக்கியம், டிரைவரே திரும்பிப் பாக்கறான்" என்றார்.

அந்த அறையில் ஃபேக்டரி வக்கீல் தாளை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது நீ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய். தலைகூடச் சரியாக வாரவில்லை. உன்னைப் பார்த்ததும் ஜான்சன் முகத்தில் ஒரு சிரிப்பு, அவருக்காகத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டார். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் பட்டது.

"நீங்க யாரும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"இந்த ரிப்போர்ட்ட செஞ்ச கம்பெனி சார்" என்றாய்.

"கம்பெனி சார்பா பேச வேற யாராவது வராங்களா?"

"இல்ல சார். மொத்தமே நான்தான்."

வக்கீல் களுக்கென்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, ஹால் மொத்தத்தை நாள் நாளாகக் காட்டினாய். ஒப்பந்தம், ரகசியம் என்று வக்கீல் குதித்தபோது, "நான் அவங்க ரகசியத்த சொல்ல வரல சார். என் தப்ப சொல்ல வந்தேன். இந்த ரிப்போர்ட் தப்பு. ஆள் ஆளா பிரிச்சி எண்ணிச்சி, இவங்க அப்படி பிரிஞ்சி வேலை செய்யல. எந்த நாளும் ஒரு ஜோடி கம்மியாவல" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபஸ்ஸும் என் கையைப் பிடித்தாள். இரண்டு வாரமாக என் முகத்தைப் பார்க்காதவள். உடனே விட்டுவிட்டாள், ஆனால் பிடித்தாள்.

அடுத்த விசாரணைவரை ஐந்து பேரையும் உள்ளே எடுக்க வேண்டும், அந்தத் தாளை வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது என்று அதிகாரி எழுதியதை நீ இருந்து கேட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். ஜான்சன் உன்னைத் தாண்டிப் போகும்போது, "பில்லு, ஸ்கேனரு, எல்லாத்தையும் மறந்துடு. இந்தப் பக்கம் இனிமே உனக்கு சோறு கெடையாது" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாய். நான் கூப்பிட்டேன். கேட்டும் கேட்காத மாதிரி போனாயா, நிஜமாகவே கேட்கவில்லையா? எங்கள் ஆறு பேருக்கும் உனக்கும் சேர்த்து எதிர்க் கடையில் டீ சொல்லியிருந்தார் தேவகி அக்கா. உன் கப் ஆறிப்போய்க் கிடந்தது. அதற்கும் எனக்குக் கோபம்.

திங்கட்கிழமை எல்லாரோடும் சேர்ந்து நானும் போகிறேன். அந்த வாசலில் சிவப்பு எரிகிறதா பச்சை எரிகிறதா பார்க்கலாம்.

ராத்திரி உன் அண்ணன் கேட்டார், "இனிமே அவ கம்பெனி இன்னா ஆவும்? கடன் இன்னா ஆவும்? அவ இன்னா பண்ணுவா?" என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டு நான் பார்த்தது நேற்றுத்தான். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகத் தெரியாது. நீ இழந்ததை நான் எங்கிருந்து எடுத்துத் தருவேன்? உரிமை இல்லை என்று நீ எழுதியது சரிதானோ என்றுகூட ராத்திரி தோன்றிற்று. காலையில் எழுந்ததும் இல்லை, கேட்டது சரிதான் என்று தோன்றுகிறது.

ஆனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெங்காயம் நறுக்கிய அன்றைக்கு நீ சொன்னது, நீ கேட்ட கேள்வி, தபஸ்ஸும் வெயிலில் நடந்து வந்தது, நேற்றுத் திரும்பிப் பார்க்காமல் போனது, எல்லாம் அப்படியே இருக்கிறது. எழுதி எழுதிக் கைதான் வலிக்கிறது, கோபம் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மிச்சத்தை நேரில் திட்டிக்கொள்கிறேன். சீக்கிரமாகவே வந்துவிடு, நிறைய இருக்கிறது.

அண்ணி